பென் ஐன்ஸ்லியின் நான்கு தங்கங்கள்: பாய்மரப் பந்தயம் பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழ் விளையாட்டுப் பக்கத்தில் பிரிட்டிஷ் பாய்மர வீரர் பென் ஐன்ஸ்லி பற்றிச் சிறு குறிப்பு ஒன்று வந்திருந்தது. 1996-இல் வெள்ளி, அதன் பிறகு 2000, 2004, 2008, 2012 என நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் என்ற பட்டியலோடு அது முடிந்துவிட்டது. பட்டியல் போதாது, விவரம் வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, பாய்மரப் பயிற்சியும் பந்தய விதிகளும் அறிந்தவர்கள் இங்கே பதில் எழுதுகிறார்கள்.

கே: 2012 லண்டன் ஒலிம்பிக்கின் கடைசிப் பந்தயத்தில் ஐன்ஸ்லி ஒன்பதாவதாக வந்தார் என்று படித்தேன். பத்துப் பேரில் ஒன்பதாவது வந்தவருக்குத் தங்கமா? (மதுரை வாசகர்)

ப: பாய்மரப் போட்டியை ஓட்டப்பந்தயம் மாதிரி பார்த்தால் இப்படித்தான் குழம்பும். இது ஒரே பந்தயம் அல்ல, ஒரு வாரத் தொடர். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் ஆளுக்கு 1 புள்ளி, இரண்டாம் ஆளுக்கு 2, இருபதாம் ஆளுக்கு 20. யாருக்குக் கடைசியில் புள்ளி குறைவோ அவர் வெற்றியாளர். தொடரில் ஆக மோசமான ஒரு பந்தயத்தைக் கழித்துவிடலாம். பத்துப் பந்தயங்கள் முடிந்ததும் முதல் பத்து இடத்தில் இருப்பவர்கள் மட்டும் பதக்கப் பந்தயத்தில் இறங்குவார்கள். அதில் புள்ளி இரட்டிப்பு, அதைக் கழிக்கவும் முடியாது.

இனி 2012 கணக்கு. பதக்கப் பந்தயத்துக்கு முன் ஃபின் (ஒருவரே ஓட்டும் கனமான படகு) வகையில் டென்மார்க்கின் யோனாஸ் ஹோ-கிறிஸ்டென்சனுக்கு 26 புள்ளி, ஐன்ஸ்லிக்கு 28. வித்தியாசம் 2. பதக்கப் பந்தயத்தில் ஓர் இடம் என்பதே 2 புள்ளி. ஆக, டென்மார்க்காரருக்கு ஒரே ஓர் இடம் முன்னால் முடித்தால் சமநிலை. சமநிலை வந்தால் பதக்கப் பந்தயத்தில் முன்னால் வந்தவருக்குத் தங்கம். ஐன்ஸ்லிக்கு எதிரி ஒருவர்தான், மற்ற எட்டுப் பேரும் எக்கேடு கெட்டால் என்ன? அப்படித்தான் ஓட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்காணித்தே பின்தங்கினார்கள். ஐன்ஸ்லி ஒன்பது, ஹோ-கிறிஸ்டென்சன் பத்து. 28-உடன் 18 சேர்த்து 46. 26-உடன் 20 சேர்த்து 46. தங்கம் ஐன்ஸ்லிக்கு.

‘மற்ற எட்டுப் பேர்’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டோம். உண்மையில் அதில் ஒருவர் அவரைக் கவிழ்த்திருப்பார். நெதர்லாந்தின் பீட்டர்-யான் போஸ்ட்மா 42 புள்ளியோடு இறங்கியவர். இரண்டாவதாக முடித்தால் 4 புள்ளி சேர்ந்து அவருக்கும் 46. மூவரும் சமம் என்றால் பதக்கப் பந்தயத்தில் முன்னால் இருக்கும் போஸ்ட்மாவுக்கே தங்கம். கடைசி இறக்கத்தில், அதாவது காற்றோடு எல்லைக்கோட்டை நோக்கி வரும்போது, முன்னால் போன நியூசிலாந்தின் டான் ஸ்லேட்டரை முந்தப் பார்த்தார். போஸ்ட்மாவின் பூம், பாயின் அடியைத் தாங்கும் நீளக் குழாய், ஸ்லேட்டரின் படகில் பட்டுவிட்டது. தண்டனையாகப் படகை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியதாயிற்று. ஐந்தாவதாக முடித்தார். 52 புள்ளி, நான்காம் இடம், கையில் பதக்கமே இல்லை. அந்தப் பந்தயத்தில் முதலாவதாக வந்த பிரான்ஸின் ஜோனதன் லோபெர் 49 புள்ளியோடு வெண்கலம் வாங்கினார்.

கே: சிட்னி 2000-இல் ஐன்ஸ்லி பிரேசில் வீரரை வேண்டுமென்றே மறித்துத் தோற்கடித்தாராமே. இது விளையாட்டா, சண்டையா? (திருச்சி வாசகர்)

ப: விதிக்குள் நின்று செய்த சண்டை. முன்கதை தெரியாமல் இதைத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டி சவானாவில் நடந்தது. லேசர் (ஒருவர் ஓட்டும் சிறு படகு) வகையில் கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது பிரேசிலின் ராபர்ட் ஷெய்ட் முதலிடம், 19 வயது ஐன்ஸ்லி நெருக்கமாகப் பின்னால். புறப்பாட்டில் படகுகள் திரும்பத் திரும்ப முந்தியதால் நடுவர்கள் கறுப்புக் கொடி ஏற்றினார்கள். கறுப்புக் கொடி இருக்கும்போது கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டைத் தாண்டி நின்றால் விசாரணையே கிடையாது, நேராகத் தகுதிநீக்கம். ஷெய்ட் தெரிந்தே முந்தினார் என்றுதான் பலரும் சொல்வார்கள். அவரை விட்டுவிடக் கூடாது என்று கூடவே போன ஐன்ஸ்லியும் மாட்டினார். இருவருக்கும் தகுதிநீக்கம், முன்னிலையில் இருந்த ஷெய்டுக்குத் தங்கம்.

சிட்னியில் முடிவு தலைகீழானது. அங்கும் ஷெய்ட் முன்னால், ஐன்ஸ்லி பின்னால். அன்றைய முறையில் 11 பந்தயம், இரண்டைக் கழிக்கலாம். இங்கேதான் சூட்சுமம். எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்கள் தருகிறோம், இவை சிட்னிப் புள்ளிகள் அல்ல. பத்துப் பந்தயம் முடிந்து ‘அ’ என்பவர் 44, 21 என்ற இரண்டையும் கழித்து 24 புள்ளியில் நிற்கிறார். ‘ஆ’ என்பவர் 36, 10 ஆகியவற்றைக் கழித்து 32-இல் நிற்கிறார். சாதாரணமாக ஓட்டினால் ‘ஆ’வுக்கு வழியே இல்லை. முதலாவதாக வந்தாலும் 33, ‘அ’ ஐந்தாவதாக வந்தாலே 29. ஆனால் ‘ஆ’ தன்னோடு சேர்த்து ‘அ’வையும் நாற்பதாம் இடத்துக்கு இழுத்துவிட்டால்? ‘அ’ 44-ஐயும் 40-ஐயும் கழிப்பார். இதுவரை ஒளித்து வைத்திருந்த 21 வெளியே வரும், மொத்தம் 45. ‘ஆ’ 40-ஐயும் 36-ஐயும் கழிப்பார், அவருக்கு வெளியே வருவது 10 மட்டும், மொத்தம் 42. ‘ஆ’ வெற்றி. கழித்து வைத்த பந்தயத்தில் யாருடையது மோசமோ அவர் மாட்டுவார்.

சிட்னியில் ஐன்ஸ்லி பிடித்த நூல் இதுதான். புறப்படும் முன்பே ஷெய்டின் பின்னால் ஒட்டிக்கொண்டு, புறப்பட்ட பிறகு அவருக்குக் காற்றுமுகப் பக்கமாகப் போய், தன் பாயின் நிழல் காற்று அவர் பாயில் விழும்படி நின்றார். நிழல் காற்றில் மாட்டிய படகு திணறும். தப்பிக்கத் திரும்பினால் இவரும் திரும்புவார். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. வழியுரிமை இருக்கும் படகு மற்றதைத் தடுக்கலாம், ஆனால் விலகிக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும். எதிர்ப்பு மனுக்கள் போயின. விசாரணைக்குப் பிறகும் தங்கம் ஐன்ஸ்லிக்கே. பிரேசிலில் அவருக்கு அதன்பின் நல்ல பெயர் இல்லை என்பதும் உண்மை. 2004-இல் ஷெய்ட் மறுபடி லேசரில் தங்கம் வென்றார். அப்போது ஐன்ஸ்லி வேறு படகுக்குப் போய்விட்டார்.

கே: அந்த ‘வேறு படகுக்கு’ அவர் 18 கிலோ எடை ஏற்றினார் என்கிறார்களே? எடை கூடினால் படகு மெதுவாகத்தானே போகும்? (சேலம் உடற்பயிற்சிக்கூடப் பயிற்றுநர்)

ப: ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் படகு ஃபின். எடை இருந்தால் படகு மெதுவாகும் என்பது காற்றோடு இறங்கும்போது சரி. காற்றை எதிர்த்து ஏறும்போது நிலைமை தலைகீழ்.

பாயில் காற்று அடித்தால் படகு சாயும். சாய்ந்தால் பாயிலிருந்து காற்று வழிந்துவிடும், அடிப்பலகையும் பிடிமானத்தை இழந்து படகு பக்கவாட்டில் நழுவும். அதை நிமிர்த்த ஓட்டுபவரின் உடம்புதான் ஒரே எதிரெடை. காலைக் கச்சையில் மாட்டி, தொடை முழுக்கப் படகின் விளிம்புக்கு வெளியே, முதுகைத் தண்ணீர் மேல் சாய்த்துத் தொங்குவதை ஹைக்கிங் என்பார்கள். லேசர் 4.2 மீட்டர் நீளம், வெறும் உடல் 59 கிலோ, பாய் சுமார் 7 சதுர மீட்டர். அதற்கு 80 கிலோ சொச்சம் உடம்பு பொருந்தும். ஃபின் 4.5 மீட்டர், 100 கிலோவுக்கு மேல் கனம், பாய் 10 சதுர மீட்டர். அங்கே 95 கிலோவுக்குக் குறைந்தால் பலத்த காற்றில் பாயை அவிழ்த்துவிட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். அவிழ்த்த பாய் வேகம் தராது.

உங்கள் தொழிலுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று. ஹைக்கிங்கில் தொடை முன்தசை நீளாமலும் சுருங்காமலும் ஒரே நிலையில் இறுகி நிற்கிறது. ஒரு ஏற்றம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும். வெறும் ஸ்குவாட் எண்ணிக்கை இதற்கு உதவாது. தண்ணீரில் இருப்பதுபோல கட்டையும் கச்சையும் வைத்த பெஞ்சில், 3 நிமிடம் தொங்கி 1 நிமிடம் ஓய்வு என்று சுற்றுகளாகப் பழக்க வேண்டும். வயிற்றுத் தசை பலவீனமாக இருந்தால் வளைவு இடுப்பு எலும்பில் போய் இறங்கும், அங்கேதான் முதுகுவலி பிறக்கிறது. முழங்காலை முழுக்க நீட்டிப் பூட்டிவிட்டால் மூட்டுச் சில்லின் அடியில் உரசல் வரும். சற்றே மடங்கியிருக்க வேண்டும்.

இந்தப் பெஞ்சுக்குப் பிதாமகர் டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ராம். 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம். ஐன்ஸ்லி 2012-இல் முறியடித்தது அவர் சாதனையைத்தான். மற்றவர்கள் படகு விளிம்பில் உட்கார்ந்து ஓட்டிய காலத்தில் வீட்டிலேயே பெஞ்சு கட்டித் தொங்கிப் பழகியவர் அவர். 1984, 1988 ஒலிம்பிக்கில் தன் மகள் டிரினோடு சேர்ந்து இறங்கினார் என்பது இன்னொரு ஆச்சரியம்.

கே: கல்லூரி அணிக்காக ஐஎல்சிஏ 6 (லேசரின் புதுப் பெயர், சற்றுச் சிறிய பாய்) ஓட்டுகிறேன். காற்றுமுக மார்க்கை, அதாவது காற்று வரும் திசையில் இருக்கும் திருப்பு மிதவையை, சுற்றித் திரும்பும் இடத்தில் மட்டும் கவிழ்கிறேன். பலத்த காற்றில்தான் இது. ஏன்? (சென்னை மாணவி)

ப: பெரும்பாலும் வாங். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் அந்தக் கயிற்றை ஏற்றத்தில் பலமாக இறுக்கியிருப்பீர்கள், அது சரிதான். மார்க்கைச் சுற்றிக் காற்றோடு திரும்பும்போது பாய் வெளியே போக வேண்டும். வாங் இறுகியிருந்தால் பூம் முனை தாழ்ந்தபடியே வெளியே போகும். படகு கொஞ்சம் சாய்ந்தாலும் முனை தண்ணீரில் இடித்து நின்றுவிடும். பாயை மேலும் விட முடியாது, படகும் திரும்பாது, அப்படியே உருண்டுவிடும்.

மார்க்குக்கு நான்கைந்து படகு நீளம் முன்னாலேயே வாங்கை ஒரு கைப்பிடி அளவு தளர்த்துங்கள். சுற்றும்போது முதலில் உடம்பால் படகைத் தட்டையாக்குங்கள், பிறகு ஷீட்டை (பாயை இழுக்கவும் விடவும் பயன்படும் கயிற்றை) விடுங்கள், கடைசியாகத்தான் சுக்கான். சுக்கானை முதலில் இழுத்தால் சாய்ந்த படகு எதிர்ப்பக்கமே திரும்பப் பார்க்கும். கன்னிங்ஹாமை, அதாவது பாயின் முன்விளிம்பை இழுக்கும் கயிற்றை, சுற்றி முடித்த பிறகு அவிழ்த்தால் போதும். அவசரம் இல்லை.

நேர் இறக்கத்தில் காற்றுப் பக்கமாகவே உருண்டு விழுந்தால் அது வேறு நோய். பாயை 90 பாகைக்கு மேல் விட்டுவிட்டீர்கள், அல்லது வாங் தளர்ந்து பாயின் மேல் பாதி முறுக்கிப் பின்தள்ளுகிறது. ஷீட்டை ஒரு கை இழுத்தால் நின்றுவிடும்.

கே: எங்கள் ஊரில் கச்சான் காற்று, கொண்டல் காற்று என்று திசை பார்த்துக் கடலுக்குப் போவார்கள். பந்தயக்காரர்கள் காற்றில் எதைப் பார்க்கிறார்கள்? (தூத்துக்குடி வாசகர்)

ப: உங்கள் ஊர்க்காரர்கள் ஒரு நாளின் காற்றைப் பார்க்கிறார்கள். பந்தயத்தில் அடுத்த இரண்டு நிமிடத்தின் காற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தக் காற்றும் ஒரே திசையில் நிற்காது, ஐந்து பத்துப் பாகை இப்படியும் அப்படியும் ஊசலாடும்.

படகு நேராகக் காற்றுக்குள் போகாது. இடமும் வலமுமாகச் சுமார் 45 பாகையில் வளைந்து வளைந்துதான் ஏறும். இரண்டு படகுகள் சமமாக இருக்கின்றன, அவற்றுக்கிடையே பக்கவாட்டில் 100 மீட்டர். காற்று 10 பாகை வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கப் படகுக்குக் கிட்டத்தட்ட 25 மீட்டர் லாபம், ஒரு துளி வேகம் கூட்டாமல். 5 பாகை என்றால் 12 மீட்டர். வேகத்தில் இந்த 25 மீட்டரைச் சம்பாதிக்க ஒரு முழு ஏற்றமும் போதாது.

ஆகவே புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே தண்ணீருக்குப் போய், இரு பக்கமும் ஓட்டி, திசைகாட்டியில் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பந்தயத்தில் முன்முனை மார்க்கைவிட்டு விலகி எண் கெட்டால் திரும்ப வேண்டும். நல்ல எண் என்றால் அப்படியே போக வேண்டும். தண்ணீரில் கருத்த திட்டு தெரிந்தால் அங்கே காற்று பலம், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, முன்னால் போகும் படகைப் பார்த்து ஒரு ஓரத்துக்கே போய்விடுவது. ஓரத்துக்குப் போனபின் காற்று திரும்பினால் பயன்படுத்திக்கொள்ள இடமே மிச்சமிருக்காது. ஐன்ஸ்லியின் ஓட்டத்தை ஒளிப்பதிவில் பார்த்தால், வேகத்தைவிட, கூட்டத்துக்கும் மார்க்குக்கும் நடுவில் அவர் எப்போதும் நிற்பதுதான் கண்ணில் படும்.

கே: பாக் நீரிணைக் கரையில் பாய் வத்தைகளில் குறுக்குப் பலகை நீட்டி ஆள் ஏறி நிற்பார்கள். அதுவும் ஹைக்கிங்தானே? (ராமநாதபுரம் வாசகர்)

ப: சந்தேகமே இல்லை. எதிரெடையை வெளியே தள்ளும் அதே தத்துவம். பலகை நீண்டால் ஆள் குறைவாகப் போதும். லேசர், ஃபின் போன்ற படகுகளில் பலகைக்கு அனுமதி இல்லாததால் தொடை அந்த வேலையைச் செய்கிறது.

கே: ஷீட்டை இழுத்து இழுத்துப் பாயை விசிறி மாதிரி ஆட்டினால் வேகம் வருமே. அதைச் செய்யலாமா? (ஈரோடு வாசகர்)

ப: விதி 42 அதைத் தடுக்கிறது. காற்றும் தண்ணீரும்தான் படகைத் தள்ள வேண்டும், உங்கள் கை அல்ல. அலையில் ஏறி வழுக்கத் தொடங்க, ஒரு அலைக்கு ஒரு முறை இழுக்கலாம். அதற்கு மேல் போனால், அல்லது படகை இடம்வலமாக ஆட்டினால், பின்னால் வரும் நடுவர் படகில் மஞ்சள் கொடியும் விசிலும். முதல் முறை இரண்டு சுற்று. ஒலிம்பிக் போன்ற தொடரில் இரண்டாம் முறை அந்தப் பந்தயத்திலிருந்தே வெளியேற வேண்டும். ஃபின் போன்ற சில வகைகளில், ஃபின்னில் காற்றின் வேகம் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) தாண்டியதும், நடுவர் கொடி காட்டினால் இறக்கத்தில் தாராளமாக இழுக்கலாம். 95 கிலோ உடம்பு அங்கே இன்னொரு விதத்தில் உதவும்.

கே: ஐன்ஸ்லி கோபக்காரர், ஒருமுறை படகிலிருந்து குதித்துச் சண்டைக்குப் போனார் என்பது உண்மையா? (கோவை வாசகர்)

ப: உண்மை. 2011 டிசம்பர், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உலகப் போட்டி. ஒளிப்பதிவுப் படகு ஒன்று கிளப்பிய அலையால் தன் ஓட்டம் கெட்டது என்று, பந்தயம் முடிந்ததும் நீந்திப் போய் அந்தப் படகில் ஏறி வாக்குவாதம் செய்தார். நடுவர் குழு அன்றைய இரண்டு பந்தயத்திலும் அவரைத் தகுதிநீக்கம் செய்தது, கழித்துக்கொள்ளவும் முடியாது என்றது. பட்டம் பிரிட்டனின் ஜைல்ஸ் ஸ்காட்டுக்குப் போனது.

இதில் நம்மூரில் அதிகம் பேசப்படாத விஷயம் ஸ்காட்டின் கதை. ஒலிம்பிக்கில் ஒரு வகைக்கு ஒரு நாட்டுக்கு ஒரே படகு. உலகப் பட்டம் வென்றும் 2012-இல் ஸ்காட் கரையில் இருந்தார், ஐன்ஸ்லி போனார். அவர் விலகிய பிறகு 2016-இலும் டோக்கியோவிலும் ஃபின் தங்கம் ஸ்காட்டுடையது. டோக்கியோவோடு ஃபின் வகையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. கனமான ஆண்களுக்கென்று இருந்த ஒரே படகு போனது எங்கள் பார்வையில் இழப்புதான். இன்று 95 கிலோ பையன் ஒருவனுக்கு ஒலிம்பிக்கில் தனியாக ஓட்டப் பொருத்தமான படகு இல்லை.

ஐன்ஸ்லிக்கு 2004-இலும் ஒரு தகுதிநீக்கம் உண்டு. ஏதென்ஸில் தொடக்கத்திலேயே, பிரான்ஸின் கியோம் ஃப்ளோரோன் கொடுத்த மனுவால் ஒரு பந்தயம் போயிற்று. அதைக் கழிவில் தள்ளிவிட்டு, மீதி அத்தனையிலும் தவறே செய்ய முடியாத நிலையில் ஓட்டித் தங்கம் வாங்கினார். அவருடைய நான்கில் கடினமானது அதுதான் என்பது எங்கள் கருத்து.

கே: நம் நேத்ரா குமணன் பாரிஸில் 21-ஆவது, விஷ்ணு சரவணன் 18-ஆவது. இது எந்த அளவுக்கு நல்ல இடம்? (சென்னை வாசகர்)

ப: நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகளில் நடுப்பகுதிக்கு மேல். முதல் பத்துக்குள் வந்தால்தான் பதக்கப் பந்தயம் என்பதால் எங்கே இடைவெளி என்று தெளிவாகத் தெரிகிறது.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னாவில் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரத்துக்குப் போன முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35-ஆவது, பாரிஸ் ஒலிம்பிக்கின் மார்சேய் கடலில் 21-ஆவது. ஒரே ஒலிம்பிக் இடைவெளியில் 14 இடம் ஏறுவது சாதாரணமல்ல. 2020 தொடக்கத்தில் மயாமி உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலமும் வாங்கியிருக்கிறார். வேலூரில் பிறந்து ராணுவத்தில் பணியாற்றும் விஷ்ணு, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐஎல்சிஏ 7-இல் வெண்கலம் பெற்றவர். டோக்கியோவில் 20-ஆவது. சென்னையின் கே.சி. கணபதி, வருண் தக்கர் இணை 49er படகில் டோக்கியோ போனது.

இடைவெளி எங்கிருந்து வருகிறது என்றால், வேகத்தில் இல்லை. நல்ல நாளில் இவர்கள் முதல் பத்துக்குள் முடிக்கிறார்கள். கெட்ட நாளில் முப்பதுக்கு மேல் போகிறார்கள். பத்துப் பந்தயத்தில் ஒன்றைத்தான் கழிக்கலாம், மூன்று முப்பதுகள் வந்தால் இரண்டு கணக்கில் நிற்கும். பெரிய கூட்டத்தில் புறப்படும் அனுபவம் குறைவு என்பதே முக்கியக் காரணம். இந்தியாவில் ஒரு பந்தயத்தில் 15 படகு இருந்தாலே அதிகம். 50 படகு ஒரே கோட்டில் நெருக்கியடிக்கும்போது, இடப்பக்கம் ஒரு படகு அகலம் இடம் காத்து, கடைசி 8 நொடியில் அந்த இடத்துக்குள் இறங்கி வேகம் எடுப்பது ஐரோப்பாவில் வாராவாரம் ஓட்டினால்தான் கைவரும். இவர்கள் ஆண்டில் பல மாதம் வெளிநாட்டில் இருப்பது இதற்காகத்தான்.

கே: என் மகனுக்கு 10 வயது. கற்க வைக்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது, எவ்வளவு ஆகும்? (காஞ்சிபுரம் பெற்றோர்)

ப: ஆப்டிமிஸ்ட். 2.3 மீட்டர், 35 கிலோ, பெட்டி மாதிரிப் படகு. 15 வயது வரை அதில் போட்டியிடலாம். ஐன்ஸ்லியும் 8 வயதில் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர். நேத்ரா தொடங்கியது 12 வயதில், கோடை முகாம் ஒன்றில். ஆகவே பத்து வயது தாமதம் இல்லை.

முதலில் நீச்சல். உயிர்காப்பு உடுப்போடு 50 மீட்டர் பதறாமல் நீந்த வேண்டும். அடுத்து, கவிழ்ந்த படகின் அடியில் ஒரு கணம் இருந்து வெளியே வருவதைப் பயிற்றுநர் பக்கத்தில் நிற்க நாலைந்து தடவை செய்து பார்க்கட்டும். இந்தப் பயம் தெளியாத பிள்ளை காற்று ஏறியதும் ஷீட்டை விட்டுவிடும். சொந்தப் படகு முதல் வருடம் வேண்டாம், சென்னைத் துறைமுகத்தில் இயங்கும் சங்கங்களில் சங்கப் படகிலேயே கற்கலாம். கட்டணம் முகாமுக்கு முகாம் மாறும், நேரில் கேளுங்கள். பெரிய செலவு படகில் இல்லை, பயணத்திலும் பயிற்றுநரிலும் இருக்கிறது. போட்டிக்கு வெளியூர் போகத் தொடங்கினால் வாடகைப் படகு, பயிற்றுநர் படகு, எரிபொருள் என்று கூடிக்கொண்டே போகும்.

பெற்றோர் செய்யும் தவறு, பிள்ளை கொஞ்சம் வென்றதும் அடுத்த படகுக்கு ஏற்றிவிடுவது. ஐஎல்சிஏ 4-க்கு 50 கிலோவாவது வேண்டும். 38 கிலோ பிள்ளையை ஏற்றினால் ஒவ்வொரு பலத்த காற்றிலும் தோற்கும், ஒரே பருவத்தில் வெறுத்துவிடும். உடல் ஒன்றே, கம்பமும் பாயும் மட்டும் மாறும் படகு என்பதால் 4.70 சதுர மீட்டர் பாயில் தொடங்கி 5.76, பிறகு 7.06 என்று எடையோடு ஏறலாம். படகை மாற்ற வேண்டியதில்லை.

படகு வாங்கினால், ஓட்டி வந்ததும் கப்பி, கயிறு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பாயை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். அடிப்பலகையை வெயிலில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், அப்புறம் படகு எந்தக் காற்றிலும் ஒரு பக்கம் இழுக்கும்.

கே: பாய்மரப் படகு அணிகள் மோதும் அமெரிக்கக் கோப்பையையும் ஐன்ஸ்லி வென்றாரா? (புதுச்சேரி வாசகர்)

ப: 2013-இல், ஆனால் பிரிட்டனுக்காக அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் 72 அடி இரட்டை உடல் படகுகளின் போட்டி. ஆரக்கிள் அணி முந்தைய தொடரில் படகு விதிமீறலுக்காக இரண்டு புள்ளி தண்டனையோடு தொடங்கி, நியூசிலாந்திடம் 8-1 என்று பின்தங்கியது. தொடரின் நடுவில் ஜான் கோஸ்டெக்கியின் இடத்தில் ஐன்ஸ்லியை உத்தி வகுப்பவராக ஏற்றினார்கள். சுக்கான் ஜேம்ஸ் ஸ்பிட்ஹில் கையில், எப்போது திரும்புவது என்று சொல்வது ஐன்ஸ்லி. தொடர்ந்து எட்டுப் பந்தயம் வென்று 9-8. எல்லாம் அவரால்தான் என்று சொல்ல முடியாது. இரவோடு இரவாகப் படகில் செய்த மாற்றங்களால் ஏற்றத்தில் அதன் வேகம் கூடியதும் பெரிய காரணம்.

பிரிட்டனுக்காகத் தன் அணியோடு 2024-இல் பார்சிலோனாவில் இறுதிவரை போய், நியூசிலாந்திடம் 7-2 என்று தோற்றார். பிரிட்டன் அந்தக் கோப்பையை ஒருமுறையும் வென்றதில்லை.